திரை ரீச்சரின் கண், கை, தலையாட்டல்: ஒரு கணிதச் சாட்பொட்டுக்கு உங்கள் யோசனை வேண்டும்

#1 உவர்மலைக் கணிதம் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். நான் திருகோணமலையில் தரம் 6 முதல் 9 வரை கணிதம் படிப்பிக்கிறேன். பிள்ளைகள் வீட்டில் இருந்தபடி போனில் கணக்குக் கேட்டுப் பழகுவதற்கு நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு சாட்பொட் செய்துகொண்டிருக்கிறோம். எழுத்தில் மட்டும் பதில் தருவது அல்ல. திரையில் ஒரு பெண் உருவம் நின்று தமிழில் கதைக்கும், பக்கத்தில் உள்ள பலகையில் கணக்கு எழுதப்படும். பிள்ளைகள் அதற்குத் ‘திரை ரீச்சர்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

பாடம் சொல்வதில் பெரிய குறை இல்லை. குறை எல்லாம் உடம்பில்தான். போன சனிக்கிழமை எட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்த்தோம். அன்று நடந்த மூன்று விஷயங்கள் இன்னும் மனதை உறுத்துகின்றன.

தரம் 6 பிள்ளை ஒருத்தி இரண்டு நிமிடத்தில் போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டாள். குரலை மட்டும் கேட்டுக் கணக்கைச் செய்து முடித்தாள். ஏன் என்று கேட்டேன். “அவ என்னையே பார்த்துக்கொண்டு நிக்கிறா மிஸ்” என்றாள். பிறகு நானும் இருந்து பார்த்தேன். உண்மைதான். நான் எழுதும்போதும் யோசிக்கும்போதும், எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தபோதும், அந்தக் கண் முன்னால் பார்த்தபடியே இருந்தது.

இன்னொரு பையன் பிழையான விடை சொன்னான். திரை ரீச்சர் ‘அது சரியில்லை’ என்று சொல்லித் தலையை இரு பக்கமும் அசைத்தா. நாங்கள் வாங்கிய அனிமேஷனில் ‘இல்லை’ என்பதற்கு இருக்கும் அசைவு அது. ஆனால் மெதுவாக, கொஞ்சம் தோளைப் பார்த்துச் சரிந்து அசைந்ததால், நம் ஊர்ச் ‘சரி சரி’ மாதிரியே இருந்தது. வெளியே மீன்காரரின் ஹோர்ன் சத்தம், சொன்ன சொல் அவனுக்குக் கேட்கவில்லை. தலையாட்டலை நம்பி அடுத்த கணக்குக்குப் போய்விட்டான்.

மூன்றாவது கை. சமன்பாட்டை விளக்கும்போது செய்தி வாசிப்பவர் மாதிரி இரண்டு கையையும் விரித்து விரித்து மூடுகிறா. எதையும் சுட்டிக் காட்டுவதில்லை. பிள்ளைகளின் கண் பலகையை விட்டு அந்தக் கைகளுக்குப் போகிறது.

உருவமே வேண்டாம், குரலும் பலகையும் போதும் என்று எங்கள் குழுவில் ஒருவர் சொல்கிறார். எனக்கு அதற்கு மனம் வரவில்லை. ஆனால் அவருக்குச் சொல்ல என்னிடம் சரியான காரணமும் இல்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 கிண்ணியா அனிமேஷன்

மிஸ், நான் விளையாட்டுச் செயலிகளுக்கு உருவம் அசைக்கிற வேலை செய்கிறேன். கண்ணைப் பற்றி முதலில் சொல்கிறேன், ஏனென்றால் அதைத் திருத்துவது ஒரு நாள் வேலை.

ஆயத்தமாக வாங்கும் உருவங்களில் பார்வை கமராவை நோக்கிப் பூட்டப்பட்டிருக்கும். விளம்பரத்துக்கு அது சரி. கதைக்கிற ஆளுக்குச் சரிவராது. மனிதர்கள் கதைக்கும்போது எப்போது மற்றவரைப் பார்க்கிறார்கள், எப்போது பார்வையை எடுக்கிறார்கள் என்பதை ஆடம் கெண்டன் 1967-லேயே படச்சுருளை வைத்து ஆராய்ந்து எழுதியிருக்கிறார். ஒருவர் நீளமாக ஏதாவது சொல்லத் தொடங்கும்போது பெரும்பாலும் பார்வையை அப்பால் எடுப்பார். சொல்லி முடிக்கிற இடத்தில் திரும்பவும் கேட்பவரைப் பார்ப்பார். அந்தத் திரும்பிய பார்வைதான் ‘இனி நீ சொல்லு’ என்பது. உங்கள் உருவம் எந்நேரமும் பார்த்துக்கொண்டு நிற்பதால், எந்நேரமும் ‘நீ சொல்லு, நீ சொல்லு’ என்று பிள்ளையை நெருக்குகிறது. அந்தப் பிள்ளை போனைக் கவிழ்த்தது நியாயம்.

செய்ய வேண்டியது இதுதான். விளக்கத் தொடங்கும்போது பார்வை பலகைக்குப் போகட்டும். கேள்வி முடிகிற கடைசிச் சொல்லில் பிள்ளையிடம் வரட்டும். பிள்ளை எழுதத் தொடங்கினால் திரும்பவும் பலகைக்குப் போய்விடட்டும். திரும்பும்போது முதலில் கண், கொஞ்சம் பிந்தித் தலை. இரண்டும் ஒன்றாகத் திரும்பினால் கோயில் தேர்ப் பொம்மை மாதிரி இருக்கும்.

கை பற்றி ஒரு விஷயம். எந்தச் சொல்லில் எந்தக் கை அசைவு வர வேண்டும் என்று எழுத்தைப் படித்துத் தானே முடிவு செய்கிற கருவிகள் வெகுகாலமாக இருக்கின்றன. ஜஸ்டின் கசெல் குழுவினர் அமெரிக்காவின் எம்.ஐ.ரி. பல்கலைக்கழகத்தில் 2001-இலேயே ஒன்றைச் செய்தார்கள். நீங்கள் வாங்கியதற்குள்ளும் அந்த வழியில் வந்த ஒன்று இருக்கலாம், ஆனால் அது ஆங்கில வசனத்துக்குப் பழக்கப்பட்டதாக இருக்கும். ஆங்கிலத்தில் ‘கழி’ முன்னால் வரும், எண் பின்னால் வரும். தமிழில் ‘இரண்டு பக்கத்தாலும் ஐந்தைக் கழிக்கிறோம்’ என்று வினை கடைசியில் வருகிறது. ‘ஐந்தை’ என்கிற இடத்தில் விரல் ஐந்தின் மேல் இருக்க வேண்டும். ஆங்கில ஒழுங்கில் போனால் எண்ணைச் சொல்லி முடித்த பிறகுதான் கை போய்ச் சேரும். பிந்திய விரல் காட்டாத விரலை விட மோசம். ஒவ்வொரு பாடத்துக்கும் விரல் போகிற நேரத்தைக் கையால்தான் குறிக்க வேண்டி வரும். பத்துப் பாடம் என்றால் நான் உதவி செய்கிறேன்.

#3 மூதூர் அம்மா

எங்கள் வீட்டில் ஒரு போன், மூன்று பிள்ளைகள். உருவம் அசைவதால் டேட்டா கூடுதலாக முடியுமா? இன்னொன்று, கமராவைத் திறக்கச் சொல்லிக் கேட்குமா? கேட்டால் என் மகளிடம் கொடுக்க யோசிப்பேன்.

#4 கிண்ணியா அனிமேஷன்

அம்மா, உருவத்தைப் போனே வரைந்தால் டேட்டா பெரிதாகப் போகாது. குரலும் ‘இப்போது தலையாட்டு’ என்பது போன்ற சிறு கட்டளையும்தான் இணையத்தில் வரும். வீடியோவாக அனுப்பினால்தான் டேட்டா காட் கரையும். பழைய போனில் சூடும் பற்றரியும்தான் பிரச்சினை. கமரா பற்றி மிஸ்தான் சொல்ல வேண்டும்.

#5 நிலாவெளி அலை

உருவம் கட்டாயம் வேண்டும் என்பதுதான் என் கருத்து. நாம் சொல்வதில் 7 வீதம்தான் சொல், 38 வீதம் குரல், 55 வீதம் உடல்மொழி என்று ஒரு பயிற்சிப் பட்டறையில் படித்தோம். உடம்பை எடுத்தால் பாதிக்கு மேல் போய்விடும் அல்லவா?

#6 கோணேசபுரி மாணவி

நிலாவெளி அலைக்கு: அந்தக் கணக்கு எல்லாப் பயிற்சிப் பட்டறைகளிலும் வருகிறது, எனக்கும் முதலாம் வருடத்தில் அப்படித்தான் சொன்னார்கள். அது அல்பேர்ட் மெஹ்ராபியன் 1967-இல் வெளியிட்ட இரண்டு சோதனைகளில் இருந்து வந்தது. ஒற்றைச் சொற்களை வெவ்வேறு தொனியில் கேட்கக் கொடுத்து, முகப் படமும் காட்டி, சொல்பவருக்கு விருப்பமா வெறுப்பா என்று ஊகிக்கச் சொன்னார்கள். சொல் ஒன்று, முகம் இன்னொன்று என்று முரண்படும்போது, உணர்வை அறிய நாம் எதை நம்புகிறோம் என்பதுதான் அங்கே கேள்வி. உணர்வையும் மனப்பான்மையையும் பற்றிய பேச்சுக்கு மட்டும்தான் அது பொருந்தும் என்று அவரே சொல்லியிருக்கிறார். பின்னக் கணக்குப் படிப்பிப்பதற்கு அதைக் கொண்டுவர முடியாது. ஆனால் மிஸ் சொன்ன அந்தப் பையனின் கதையில் அது நேராகப் பொருந்துகிறது. ‘சரியில்லை’ என்று வாய் சொன்னது, ‘சரி’ என்று தலை சொன்னது. அவன் தலையை நம்பினான்.

இப்போது மிஸ்ஸின் குழுவில் உள்ளவருக்கு. அவர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. ஜேம்ஸ் லெஸ்டர் குழுவினர் 1997-இல், தாவரம் வடிவமைக்கும் பாடத்தில் ஒரு பூச்சி உருவத்தை வைத்துப் பார்த்தார்கள். உயிருள்ளது போன்ற உருவம் திரையில் இருந்தாலே, அது அதிகம் வெளிப்படுத்தாவிட்டாலும், தாங்கள் படித்த அனுபவத்தைப் பற்றிப் பிள்ளைகளுக்கு நல்ல எண்ணம் வருகிறது என்று கண்டார்கள். இது பிள்ளையின் எண்ணம் பற்றியது, விளங்கிக்கொண்டதன் அளவு வேறு. கல்வி உளவியலாளர் ரிச்சர்ட் மேயர் பல வருட ஆய்வுகளுக்குப் பிறகு சொல்வது இது: ஆசிரியரின் உருவத்தைச் சும்மா திரையின் மூலையில் வைப்பதால் கற்றல் கூடும் என்று சொல்ல முடியாது. அந்த உருவம் மனிதர் மாதிரிச் சுட்டிக் காட்டி, பார்த்து, முகம் காட்டி அசைந்தால் கற்றல் கூடுகிறது.

ஆக, நிற்கிற உருவம் வேண்டாம். வேலை செய்கிற உருவம் வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு சூசன் வாக்னர் குக் குழுவினர் 2017-இல் வெளியிட்டது. பாடம் நம் மிஸ்ஸின் பாடமேதான்: 3 + 4 + 5 = ? + 5. பல பிள்ளைகள் 12 என்று எழுதுவார்கள், சிலர் எல்லாவற்றையும் கூட்டி 17 என்பார்கள். சமன் குறி என்றால் ‘விடை வரும் இடம்’ என்று நினைப்பதால் வரும் பிழை. இதைப் படிப்பிக்க ஒரு கணினி உருவத்தைச் செய்தார்கள். ஒரு குழுப் பிள்ளைகளுக்கு அந்த உருவம் கையால் இரு பக்கத்தையும் காட்டி விளக்கியது. மற்றக் குழுவுக்குக் கை அசையவில்லை. குரல், பார்வை, உதடு எல்லாம் இரண்டிலும் ஒன்றே. மனித ஆசிரியரை வைத்து இப்படிச் செய்ய முடியாது. கையைக் கட்டச் சொன்னால் அவரின் குரலும் மாறிவிடும். கை காட்டிய உருவத்திடம் படித்த பிள்ளைகள் கூடுதலாகக் கற்றார்கள், கணக்கை விரைவாகவும் செய்தார்கள். கற்றுக்கொண்டவர்களில், அதை வேறு வகைக் கணக்குக்குக் கொண்டுபோனவர்களும் கை பார்த்த குழுவிலேயே அதிகம்.

மிஸ், உங்கள் சமன்பாட்டுப் பாடத்தில் இடது கை இடப் பக்கம் முழுவதையும் ஒரு தரம் தடவிக் காட்டட்டும், வலது கை வலப் பக்கத்தைத் தடவட்டும். வேறு எதுவும் வேண்டாம்.

#7 கப்பல் பட்டறை

நான் துறைமுகப் பக்கம் இயந்திர வேலை செய்கிறவன். படிப்பு ஓ.எல். வரைதான். ஆனால் இந்த இழையை முழுவதும் வாசித்தேன், ஏனென்றால் நான் வேலை பழகியது முழுக்க ஒருவரின் கையைப் பார்த்துத்தான். எனக்கு வேலை பழக்கிய பெரியவர் அதிகம் கதைக்க மாட்டார். இயந்திரச் சத்தத்தில் கதைத்தாலும் கேட்காது. வால்வைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், திரும்பவும் வால்வைப் பார்ப்பார். அதற்கு அர்த்தம் ‘இதைத் தொடுவதற்கு முதல் அதை மூடு’. பிழையான ஸ்பானரை எடுத்தால் புருவம் மட்டும் ஏறும். முப்பது வருடமாகியும் அந்தப் புருவம் என் கண்ணுக்குள் இருக்கிறது. இப்படிக் கைவேலைக்கும் திரை உருவம் செய்தார்களா?

#8 கோணேசபுரி மாணவி

செய்தார்கள் அண்ணை, அதுவும் கப்பல் இயந்திர அறைக்கே. 1990-களில் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் ஜெஃப் ரிக்கல், லூயிஸ் ஜோன்சன் இருவரும் ‘ஸ்டீவ்’ என்ற உருவத்தை உருவாக்கினார்கள். அமெரிக்கக் கடற்படைக் கப்பல்களின் இயந்திரங்களை இயக்கவும் பராமரிக்கவும் பழக்குவது அதன் வேலை. பயிலுநர் தலையில் கருவியை மாட்டிக்கொண்டு மெய்நிகர் இயந்திர அறைக்குள் நிற்பார். ஸ்டீவ் அங்கே நடந்து போய், தான் சொல்லப்போகும் பகுதியைப் பார்த்து, சுட்டிக் காட்டி, பிறகு பயிலுநரைப் பார்த்துக் கதைக்கும். சரியாகச் செய்தால் தலையாட்டும். பலர் சேர்ந்து செய்கிற வேலை என்றால் யாரிடம் சொல்கிறதோ அவர் பக்கம் திரும்பும். உங்கள் பெரியவர் செய்ததும் அதேதான்: வால்வு, நீங்கள், வால்வு.

#9 தம்பலகாமம் ஐயா

பிள்ளைகளே, நான் தமிழ் படிப்பித்து ஓய்வு பெற்றவன். கணினி அறிவு குறைவு, பேரன் தட்டெழுதித் தருகிறான். எல்லோரும் அந்த உருவம் கதைக்கும்போது என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறீர்கள். பிள்ளை கதைக்கும்போது அது என்ன செய்கிறது என்று யாரும் கேட்கவில்லையே?

நம் ஊரில் கதை சொல்லும்போது கேட்பவர் உம் கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் பாட்டி கதையை நிறுத்திவிடுவா. “கேக்கிறியா, நித்திரையா?” என்பா. அந்த ‘உம்’ என்பது ‘நான் உன்னோடு வருகிறேன், மேலே சொல்’ என்பதாகும். அதிலே எத்தனை வகை! ஏறுகிற ‘உம்?’ கேள்வி. இறங்குகிற ‘உம்’ ஒப்புதல். நீண்ட ‘உம்ம்’ யோசனை. நாக்கை மேலண்ணத்தில் தட்டும் ‘ச்’ இரக்கமாகவும் இருக்கும், மறுப்பாகவும் இருக்கும். தலையை இரு பக்கமும் சரிப்பதும் இந்த உம் கொட்டலின் உடன்பிறப்புத்தான். உங்கள் திரை ரீச்சர், பிள்ளை விடை சொல்லும்போது கல்லாக நிற்கிறா என்றால், பிள்ளை கல்லுக்குத்தான் கணக்குச் சொல்கிறது.

வள்ளுவர் குறிப்பறிதல் என்று ஓர் அதிகாரத்தைப் பொருட்பாலிலும் வைத்தார், காமத்துப்பாலிலும் வைத்தார். அரசனிடமும் காதலியிடமும் ஒரே திறமை வேண்டும் என்பது அவர் எண்ணம் போலும். ‘அடுத்தது காட்டும் பளிங்குபோல் நெஞ்சம் கடுத்தது காட்டும் முகம்’ என்றார். வகுப்பறையிலும் அந்தத் திறமைதான் வேண்டும்.

இன்னொன்று. உள்ளத்து உணர்வு உடம்பில் தெரிவதை மெய்ப்பாடு என்பார்கள். தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டு என்றார்: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. பெருமிதம் பிறக்கும் நான்கு இடங்களைச் சொல்லும்போது அவர் முதலில் வைத்தது எது தெரியுமா? கல்வி. தறுகண் (அஞ்சாமை), இசைமை (புகழ்), கொடை எல்லாம் அதற்குப் பின்னால்தான். கணக்கு வந்துவிட்டது என்று தெரிந்த பிள்ளையின் முகத்தை நாற்பது வருடம் பார்த்திருக்கிறேன். சிரிப்பு அல்ல அது. கழுத்து நிமிரும், உதடு மூடியிருக்கும், கண் மட்டும் ஆசிரியரைத் தேடும். அப்போது ஆசிரியரின் முகம் அங்கே இருக்க வேண்டும். உருவம் வேண்டாம் என்கிற தம்பிக்கு என் பதில் இதுதான்.

#10 கோணேசபுரி மாணவி

ஐயா, இதை வாசித்துவிட்டு என் குறிப்புகளை எடுத்துத் திரும்பப் பார்த்தேன். கணினித் துறையில் பலர், பவுல் எக்மன் என்ற உளவியலாளர் சொன்ன ஆறு உணர்வுகளோடு தொடங்குகிறார்கள்: மகிழ்ச்சி, துயரம், அச்சம், கோபம், அருவருப்பு, வியப்பு. உருவங்களின் முகபாவப் பட்டியலும் பெரும்பாலும் இதுதான். ஆனால் அமெரிக்காவின் மெம்பிஸ் பல்கலைக்கழகத்தில் ஆர்ட் கிரேசர் குழுவினர் தங்கள் கணினி ஆசிரியரோடு மாணவர்கள் படிப்பதைப் பல வருடம் கவனித்தபோது, அதிகம் கண்டது ஈடுபாடு, குழப்பம், சலிப்பு, எரிச்சல் ஆகியவற்றைத்தான். படிக்கிற பிள்ளைக்கு அருவருப்பு எங்கே வருகிறது? சிட்னி டிமெல்லோவும் கிரேசரும் வேறு சிலரோடு சேர்ந்து 2014-இல் எழுதிய கட்டுரையில், குழப்பம் கற்றலுக்கு நல்லதாகவும் அமையலாம் என்று காட்டினார்கள். பிள்ளை அதைத் தீர்க்க வழி இருந்தால்தான். ஆகவே பிள்ளை குழம்பியவுடன் முகத்தைச் சுருக்கிக் கவலை காட்டுகிற உருவம் வேண்டாம். ‘பரவாயில்லை, பார்’ என்று அமைதியாக இருக்கிற முகம் வேண்டும். பெருமிதம் அந்த ஆறில் இல்லை ஐயா. சேர்க்க வேண்டியது அதுதான்.

#11 சைகை வகுப்பு

நான் செவிப்புலன் குறைந்த பிள்ளைகளோடு வேலை செய்கிறேன். எங்கள் பிள்ளைகளுக்கு முகம் ஓர் அலங்காரம் இல்லை, அதுதான் பாடம். சைகை மொழியில் புருவமும் வாயும் இலக்கணம். ஆகவே ‘குரலும் பலகையும் போதும்’ என்ற வார்த்தை எங்களை வெளியே விட்டுவிடும்.

உதட்டசைவைப் பற்றி ஒரு வேண்டுகோள். ப, ம வரும்போது உதடு முழுதாக மூட வேண்டும். பல உருவங்களில் பாதிதான் மூடுகிறது. உ, ஒ வரும்போது குவிய வேண்டும். உதடு ஒன்று காட்டி, குரல் வேறொன்று சொன்னால், காது கேட்பவர்களுக்கே மூன்றாவது ஓர் ஒலி கேட்டுவிடும் என்று மக்கர்க், மக்டொனால்ட் இருவரும் 1976-இல் காட்டியிருக்கிறார்கள். அரைகுறையாகக் கேட்கிற பிள்ளைக்கு எவ்வளவு குழப்பம் என்று நினைத்துப் பாருங்கள். ல, ள, ழ மூன்றும் நாக்கின் வேலை. உதட்டில் தெரியாது. உருவத்தை எவ்வளவு நன்றாகச் செய்தாலும் ‘பலம்’, ‘பழம்’ இரண்டும் பார்வைக்கு ஒன்றுதான். அந்த இடத்தில் எழுத்தைத் திரையில் காட்டுங்கள். நல்ல உதட்டசைவு செய்ய முடியாவிட்டால், வாயை மறைக்காமல் எழுத்தைப் பெரிதாகப் போடுவது நேர்மை.

#12 கிண்ணியா அனிமேஷன்

ப, ம மூடுவதைக் கவனிக்கிறேன். நன்றி.

ஐயா சொன்ன குறிப்பறிதலுக்கு ஒரு வழி இருக்கிறது. முன் கமராவால் பிள்ளையின் முகத்தைப் படித்து, கவனம் சிதறுகிறதா, குழம்புகிறதா என்று கண்டுபிடிக்கும் நிரல்கள் கிடைக்கின்றன. பிள்ளை திரையைப் பார்க்காமல் இருந்தால் ரீச்சர் பெயர் சொல்லிக் கூப்பிடலாம். இதையும் சேர்ப்போமா மிஸ்?

#13 மூதூர் அம்மா

நான் முதலில் கேட்டது இதைத்தான். எங்கள் வீட்டில் படிக்கிற இடமும் சமைக்கிற இடமும் ஒன்று. பின்னால் ஆட்கள் வருவார்கள், போவார்கள். என் பிள்ளையின் முகத்தை யார் வைத்துக்கொள்கிறார்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் போனைத் தர மாட்டேன்.

#14 கோணேசபுரி மாணவி

அம்மாவின் பக்கம்தான் நானும். இரண்டு காரணம்.

ஒன்று, அது பிழையாகப் படிக்கும். கடினமான கேள்வி கேட்டால் பிள்ளைகள் கேட்டவரின் முகத்தில் இருந்து பார்வையை எடுப்பார்கள். கேள்வி கடினமாக ஆக, அதுவும் கூடும். ஸ்கொட்லாந்தில் க்வினெத் டோஹர்ட்டி-ஸ்னெடன் இதைப் பல தடவை சோதித்திருக்கிறார். முகத்தைப் பார்ப்பதே மனதுக்கு ஒரு சுமை, அதை இறக்கி வைத்துவிட்டு யோசிக்கிறார்கள். நம் ஊரில் பெரியவர்கள் முன் கண்ணைத் தாழ்த்துவது மரியாதையும்கூட. சுவரைப் பார்த்து யோசிக்கிற பிள்ளையை, கவனம் இல்லை என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டால், பிடித்து வைத்திருந்த எண்ணும் போய்விடும்.

இரண்டு, இது வெறும் நிரல் விஷயம் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம், மருத்துவம், பாதுகாப்பு ஆகிய காரணங்கள் தவிர, கல்வி நிறுவனங்களில் முகம் போன்றவற்றை வைத்து உணர்வை ஊகிக்கும் கருவிகளைத் தடை செய்கிறது. 2025 பெப்ரவரி 2 முதல் அந்தத் தடை நடைமுறையில் இருக்கிறது. நம் நாட்டிலும் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022-இல் நிறைவேறிவிட்டது. பிள்ளைகளின் முகத்தை எடுக்க நமக்கு என்ன அவசரம்?

குறிப்பறியக் கமரா தேவையில்லை. எழுதி அழிக்கிறார்களா, எவ்வளவு நேரம் நிற்கிறார்கள், எந்த இடத்தில் திரும்பக் கேட்கிறார்கள் என்பது போதும்.

#15 கிண்ணியா அனிமேஷன்

சரி, விளங்குது. கமரா யோசனையை விடுகிறேன். நானே படிக்கிற காலத்தில் ஜன்னலைப் பார்த்து யோசிக்கிற ஆள்தான், அதற்காக அடியும் வாங்கியிருக்கிறேன்.

#16 உவர்மலைக் கணிதம்

எல்லோருக்கும் பெரிய நன்றி. குழுவில் ‘உருவம் வேண்டாம்’ என்றவரும் இந்த இழையை வாசித்துவிட்டார். ஐயாவின் பதிலை இரண்டு தரம் வாசித்தேன் என்றார். அம்மா, கமரா கிடையாது. செயலி அனுமதியே கேட்காதபடி அதை எடுத்துவிட்டோம்.

இரண்டு வாரம் வேலை செய்து, நேற்று திரும்பவும் அதே எட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்தோம். நடந்ததைச் சொல்கிறேன்.

கையைக் குறைத்துவிட்டோம். சமன்பாட்டில் இரு பக்கத்தையும் தடவிக் காட்டுவதும், குறித்த எண்ணில் விரல் வைப்பதும் மட்டும். மற்ற நேரம் கை கீழே. பிள்ளைகளே தங்கள் கொப்பியில் கையால் இரு பக்கத்தையும் தடவிப் பார்த்தார்கள். நாங்கள் சொல்லிக் கொடுக்கவில்லை.

காத்திருப்பு பற்றி ஒன்று. மேரி பட் ரோ 1970-களில் அமெரிக்க வகுப்பறைகளின் ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுதியதை ஆசிரியர் பயிற்சியில் படித்திருந்தேன். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். மூன்று விநாடி காத்திருந்தால் பிள்ளைகளின் விடை நீளமாகிறது, பேசாத பிள்ளையும் பேசுகிறது. எங்கள் சாட்பொட் இரண்டு விநாடி சத்தம் இல்லை என்றால் உடனே விளக்கம் கொடுக்கத் தொடங்கிவிடும். அதை ஆறு விநாடி ஆக்கினோம். அந்த ஆறு விநாடியும் திரை ரீச்சர் பலகையைப் பார்த்துக்கொண்டு நிற்பா, மூச்சு மட்டும் ஏறி இறங்கும். முதலில் போன் நின்றுவிட்டது என்று பிள்ளைகள் திரையைத் தட்டினார்கள். மூச்சசைவைக் கொஞ்சம் கூட்டிய பிறகு தட்டவில்லை.

மறுபக்கம், பிள்ளை கேட்ட பிறகு சாட்பொட் பதில் தரத் தாமதிக்கிறது. மனிதர்கள் கதைக்கும்போது ஒருவர் முடித்து மற்றவர் தொடங்க எடுக்கும் இடைவெளி சுமார் ஐந்தில் ஒரு விநாடிதான் என்று 2009-இல் பத்து மொழிகளை ஒப்பிட்டு எழுதியிருக்கிறார்கள். நமக்கு மூன்று விநாடி, மூதூரில் சிக்னல் குறைந்தால் அதற்கும் மேல். அந்த இடைவெளியில் ஐயாவின் நீண்ட ‘உம்ம்’ வந்து உட்கார்ந்தது. பார்வை மேலே போகிறது, ‘உம்ம்’ என்கிறா, பிறகு பதில். பிள்ளைகள் யாரும் ‘லேட்’ என்று சொல்லவில்லை.

பிழை சொன்னால் இனித் தலையசைவே இல்லை. பிழையான படியில் விரல் வைத்து ‘இதைத் திரும்பப் பார்ப்போம்’ என்று சொல்வா. அவ்வளவுதான். சிரிப்பும் இல்லை.

சரிவராதது ‘சரி’த் தலையாட்டல். நாலு தரம் செய்து பார்த்தோம். நாலும் பொய்யாக இருக்கிறது. தலை ஆடுகிறது, கழுத்தில் உயிர் இல்லை. ஒரு பையன் ‘தலை கழண்டு விழப்போகுது மிஸ்’ என்றான். ஆட்டம் எங்கே தொடங்குகிறது, தாடையிலா உச்சியிலா, கண் எப்போது மூடுகிறது என்று எங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. எல்லோரும் தினமும் செய்கிறோம், ஒருவரும் கவனித்ததில்லை.

போனைக் கவிழ்த்த பிள்ளை இந்த முறை அதைப் பென்சில் பெட்டியில் சாய்த்து நிறுத்தி வைத்திருந்தாள். கணக்கு முடிந்ததும் தலையை நிமிர்த்தித் திரையைப் பார்த்தாள். திரை ரீச்சர் அந்த நேரம் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தா. பிள்ளை கொஞ்சம் காத்திருந்துவிட்டு என்னைப் பார்த்தாள். ஐயா, நீங்கள் சொன்ன அதே முகம். விடை எழுதி முடித்தவுடன் உருவம் பிள்ளையின் பக்கம் திரும்ப வேண்டும் என்பதை நாங்கள் எழுத மறந்துவிட்டோம். இன்று காலை முதல் வேலையாக அதைச் சேர்த்தோம்.

#17 சைகை வகுப்பு

அந்தத் திரும்பலில் அவசரம் வேண்டாம் மிஸ். பிள்ளை நிமிர்வதற்கு முதலே திரும்பிவிட்டால் திரும்பவும் காவல் நிற்பது போல் ஆகிவிடும். பிள்ளை எழுதி முடித்து எழுதுகோலை எடுத்த பிறகு, ஒரு விநாடி கழித்துத் திரும்பட்டும்.

#18 கிண்ணியா அனிமேஷன்

தலையாட்டலை வரைந்து பிடிக்க முடியாது, உண்மையான ஆட்களைப் படம் எடுக்க வேண்டும். முன்னாலும் பக்கத்தாலும் இரண்டு போன் வைத்து, ஒரு பிள்ளை உண்மையாகவே கணக்கைச் சொல்ல, பெரியவர் ஒருவர் உண்மையாகவே கேட்க வேண்டும். ‘இப்போது தலையாட்டுங்கள்’ என்று சொன்னால் வராது. வகுப்பில் நாற்பது வருடம் தலையாட்டிய ஒருவர் இருந்தால் நல்லது.

#19 தம்பலகாமம் ஐயா

சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். பேரனையும் கூட்டி வருகிறேன், அவனுக்குப் பின்னம் வராது, அவன் கணக்கைச் சொல்லட்டும். எங்கே இறங்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.